பெயிண்ட் அடிப்பதா, விட்டுவிடுவதா?

சித்திரை பிறக்கும் நாளையொட்டி வாசுதேவநல்லூரில் நண்பகலில் ஒரு கம்பை நட்டு வைத்தால் அதற்கு நிழல் விழாது. ஊர் 9 டிகிரி 14 நிமிட வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 14ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசியில் மறுமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மனிதர்கள் அந்நேரம் திண்ணைக்கோ வேப்பமரத்தடிக்கோ ஒதுங்கிவிடுவார்கள். முற்றத்தில் நிற்கும் காருக்கு ஒதுங்க வழியில்லை. கூரை, பானெட், டிக்கி மூடி மூன்றும் மல்லாந்து கிடந்து முழு வெயிலையும் வாங்கும். கதவுகள் செங்குத்தாக நிற்பதால் உச்சி வெயில் அவற்றை உரசிக்கொண்டு போய்விடும். ஐம்பது வருடம் இப்படி நின்ற ஒரு காரைச் சுற்றி வந்தால், வெயில் எங்கே எவ்வளவு விழுந்தது என்பதைப் பெயிண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நான் பார்த்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. குடும்பத்தோடு ஏறி இறங்க இரண்டு கதவு போதாது என்பதால், 1960களின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வடிவமும் வந்தது. இந்தக் கார் அந்த வகை: மார்க் 3, வெளிர் நீலம், 1969ஆம் ஆண்டுப் பதிவு. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். வண்டியை வாங்கியவர், நெல் மில் நடத்திய அவருடைய அப்பா.

சங்கரன்கோவிலிலிருந்து பெயிண்டர் வந்திருந்தார். காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கூரையில் விரலால் ஒரு கோடு இழுத்து, வெள்ளை ஒட்டிய விரலைக் காட்டினார்.

"முழுசா உரிச்சு, பட்டி பார்த்து, ரெண்டு கோட்டு பி.யூ. அடிச்சிருவோம் சார். பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்."

"உரிச்சிட்டா எங்கப்பா தொட்ட பெயிண்ட் போயிரும்லா, தம்பி?"

"பெயிண்டையா தொட்டாங்க? ஸ்டீரிங்கத்தான சார் தொட்டாங்க."

ஆசிரியர் சிரித்துவிட்டார். ஆனால் பதில் சொல்லவில்லை. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எவர் பக்கம் சாய்வது என்பதற்கு அந்த விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளிலிருந்து தொடங்கலாம்.

வெளிர் நீலம் என்றால் அதில் நீலம் கொஞ்சம், வெள்ளை நிறைய. 1960களில் கார்களுக்குப் பரவலாகப் பயன்பட்ட நீல நிறமி தாலோசயனின். 1928இல் ஸ்காட்லாந்துச் சாய ஆலை ஒன்றில் தற்செயலாகக் கண்ணில் பட்ட பொருள் அது. வெயிலுக்கு அவ்வளவு சுலபமாக அசைந்து கொடுக்காது. வெள்ளை நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. உலகத்தின் வெள்ளைப் பெயிண்ட்டில் பெரும்பகுதி அதுதான். அரசு அம்பாசடர்களின் வெள்ளையும் அதுதான். இந்த வெள்ளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. புற ஊதாக் கதிரை விழுங்கி, பக்கத்திலிருக்கும் ஈரத்தையும் ஆக்சிஜனையும் உசுப்பிவிட்டு, ஹைட்ராக்சில் போன்ற தனி உறுப்புகளை உண்டாக்கும். அவை தம்மைச் சுற்றியிருக்கும் பிசினையே கடித்துத் தின்னும். நிறமித் துகள்களைக் கட்டிப் பிடித்திருப்பது அந்தப் பிசின்தான். அது போனால் துகள்கள் அனாதையாக மேலே கிடக்கும். விரலில் ஒட்டுவது அவைதான். இன்றைய பெயிண்ட்டுகளில் டைட்டானியத் துகளுக்கு சிலிக்கா, அலுமினா உறை போட்டு இந்தக் குணத்தை அடக்கி வைக்கிறார்கள்.

புற ஊதாக் கதிர் நேரடியாகவும் அடிக்கும். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். ஒரு கார்பனையும் இன்னொரு கார்பனையும் இணைக்கும் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 350 போதும். அதற்கு மேல், வெப்ப மண்டலத்தின் தலைக்கு மேல் ஓசோன் படலம் குளிர் நாடுகளில் இருப்பதைவிட மெல்லியது. மேகமில்லாத ஏப்ரல் நண்பகலில் தென் தமிழகத்தின் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 'மிகத் தீவிரம்' என்று வகுத்திருக்கும் எல்லை 11. பிரிட்டிஷ் நூல்கள் பழைய காரின் பெயிண்ட் இத்தனை ஆண்டு தாங்கும் என்று எழுதியிருப்பதை இந்த ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிறம் செத்துவிட்டதா, தூளுக்கு அடியில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். கூரையில் ஊற்றினோம். தண்ணீர் ஓடிய பாதையெல்லாம் ஆழ்ந்த நீலமாக மாறி, காயக் காய மறுபடி சாம்பல் பூத்தது. காரணம் ஒளிவிலகல். காற்றின் விலகல் எண் 1, பெயிண்ட் பிசினுடையது 1.5 அளவில். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் இந்த இடைவெளியில் ஒளி கண்டபடி சிதறி, நிறத்தின் மேல் வெள்ளைத் திரை விழுகிறது. தண்ணீரின் எண் 1.33. பள்ளங்களை அது நிரப்பியதும் சிதறல் குறைந்து, அடியிலுள்ள நிறம் வெளியே வருகிறது. நனைத்தும் நிறம் திரும்பாத இடத்தில் நிறமியே போய்விட்டது என்று பொருள். எங்கள் கூரையில் அப்படி இரண்டு திட்டுகள் மட்டும் இருந்தன, மழைநீர்க் காடியின் ஓரமாக. அங்கே செம்பழுப்பு பிரைமர் வெளியே தெரிந்தது.

அப்படியானால் ரப்பிங் போட்டு, பாலிஷ் போட்டு முடித்துவிடலாமே என்று தோன்றும். பாலிஷ் என்பது மெருகு சேர்ப்பது அல்ல. செத்த படலத்தைச் சுரண்டி எடுப்பது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். பெயிண்ட் மொத்தமே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அதில் இறங்குவது மடமை. தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில். காரின் பெயிண்ட் பிரைமரோடு சேர்த்தே பெரும்பாலும் அதன் இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடும். தடிமன் பார்க்கும் கருவி உள்ளங்கை அளவுதான். காந்தப் புலத்தை இரும்புத் தகடு எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்து, இடையிலுள்ள பெயிண்ட்டின் கனத்தைச் சொல்லும். கருவி இல்லாதவர்கள் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு வரலாம். எண் கிடைக்காது. ஆனால் பட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். காந்தம் அங்கே பிடிக்காமல் நழுவும்.

இந்த ஹெரால்டின் கதவுகளில் 140 மைக்ரானைச் சுற்றி வந்தது. கூரையில் பல இடங்களில் 80க்கும் கீழே. வலது பின் மட்கார்டில் எண் 900ஐத் தாண்டியது. "அது அப்பா காலத்துல கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வரும்போது மாட்டு வண்டி இடிச்சது" என்றார் ஆசிரியர். பெயிண்டர் தலையாட்டினார்: "பட்டிய அள்ளி அப்பியிருக்காங்க."

அடுத்த கேள்வி, மேலே இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்பது. 1923இல் டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன் கார் காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்; இது மணிக்கணக்கில் காய்ந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் பழைய கைகள் 'டூக்கோ அடிக்கிறது' என்றுதான் சொல்கின்றன, டப்பாவில் வேறு எது இருந்தாலும். நைட்ரோசெல்லுலோஸ், பட்டறை மொழியில் என்.சி., தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. வேதிமாற்றம் ஒன்றும் நடப்பதில்லை. சிந்தெட்டிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலைபோல் பின்னிக்கொள்கிறது. பி.யூ. எனப்படும் பாலியூரிதேனில் ஹார்டனர் கலந்ததும் அந்தப் பின்னல் இன்னும் இறுகுகிறது. வெல்லப்பாகு காய்ந்து கட்டியானாலும் தண்ணீர் பட்டால் கரையும். வெந்த முட்டையை எதைக் கொண்டும் பழையபடி ஆக்க முடியாது. என்.சி. முதல் ரகம், பி.யூ. இரண்டாவது ரகம்.

ரெக்சின் அட்டையைக் கழற்றிவிட்டு, கதவின் உட்பக்கத்தில் தின்னர் நனைத்த பஞ்சை வைத்து எடுத்தோம். நீலம் பஞ்சில் இறங்கிவிட்டது. அப்படியானால் அது என்.சி.தான். மட்கார்டில் அதே பஞ்சு வெறுமனே வந்தது, அது எனாமல். ஒரே காரில் இரண்டு வரலாறு. இந்தச் சோதனை இல்லாமல் முழு வண்டியின் மேலும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், காட்டமான தின்னர் பட்ட எனாமல் சுருண்டு எழுந்திருக்கும். பட்டறைகளில் பாதி மனஸ்தாபம் இதனால்தான் வருகிறது.

இதுவரை பேசியதெல்லாம் கண்ணை உறுத்தும் இடம். காரைக் கொல்லும் இடம் வேறு, அது கீழே இருக்கிறது.

ஹெரால்டுக்குத் தனி அடிச்சட்டம், அதன் மேல் போல்ட்டால் முடுக்கிய உடல். முன் மட்கார்டுகளும் பானெட்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். ரிப்பேர் பார்ப்பவருக்குச் சொர்க்கம். ஆனால் இணைப்புகள் அதிகம் என்றால் இடுக்குகளும் அதிகம். காற்று படாத இடம் துருப்பிடிக்காது என்று நாம் நினைக்கிறோம். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் ஒரு துளி உப்புநீரை இரும்பின் மேல் வைத்துக் காட்டியது இதற்கு நேர்மாறு. துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் ஏராளம், நடுவில் குறைவு. இரும்பு கரைவது நடுவில்தான். ஓரம் ஆக்சிஜனை வாங்கி மின்சுற்றை நிறைவுசெய்கிறது, நடுப்பகுதி எலக்ட்ரானைக் கொடுத்துக்கொடுத்துத் தேய்கிறது. ரப்பர் பீடிங்குக்கு அடியிலும், இரண்டு தகடுகள் ஒட்டும் மடிப்பிலும், பெயிண்ட் கீறலுக்குப் பக்கவாட்டிலும் துரு ஊர்ந்து போவது இந்த வழியில். உருவாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது. கொப்புளம் கண்ணில் படும்போது அடியில் வேலை பாதி முடிந்திருக்கும்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. இந்தக் காரில் நான்கில் மூன்று கதவுகளில் அவை அடைத்திருந்தன. கம்பி விட்டுக் குடைந்தபோது வந்தது நெல் உமி. மில் வாசலில் நின்ற வருடங்களில் கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கிய உமி, ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முன் இடது கதவின் அடிமடிப்பை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்தியதும் தகடு பொருபொருவென்று உள்வாங்கியது. பெயிண்டர் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. "கூரைய விடுங்க சார். இதப் பாக்கணும்."

அந்த வாக்கியத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். பெயிண்ட்டின் முதல் வேலை இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவில் நிற்பது. சாம்பல் பூத்த கூரை அந்த வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. பளபளக்கும் கதவின் அடி செய்யவில்லை. வாசுதேவநல்லூர் இரண்டு கடலிலிருந்தும் தள்ளி, மேற்கு மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பது காருக்கு நல்லது. தூத்துக்குடியிலோ மெரினா பக்கமோ நின்றிருந்தால் உப்புக்காற்று இதற்குள் சட்டத்தையே தின்றிருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கேயும் அது தாண்டும்.

மடிப்பில் ஆழமாகப் போன துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது டிங்கர் வேலை. மேலோட்டமான துருவுக்கு டானிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசினால் பழுப்பு கறுப்பாகும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு தருவதும் இதே வேதியியல்தான்: டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்புச் சேர்மம். அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரெட் ஆக்சைடும் இரும்பின் ஆக்சைடுதான், நீர் சேராத, நிலையான வடிவம். துருவைத் துருவின் பங்காளியை வைத்தே தடுக்கிறோம்.

இனி ஆசிரியரின் கவலைக்கு வருவோம். பழைய பெயிண்ட் ஒரு சான்று. எந்த நிறம், எத்தனை பூச்சு, எங்கே மோதியது, எப்போது ஒட்டுப்போட்டார்கள் என்பதெல்லாம் அந்த நூற்றுச் சொச்சம் மைக்ரானில் இருக்கின்றன. உரித்தால் திரும்ப வராது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் போட்டியில் 2001 முதல், புதுப்பிக்காமல் காத்து வைத்த கார்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனமும், மாற்றுவதைவிடக் காப்பதையே முதலில் வைக்கிறது.

நமக்கு இந்தச் சிந்தனை அவ்வளவு பழக்கமில்லை. குடமுழுக்கு வந்தால் கோபுரத்துக்கு வர்ணம் அடித்துத்தான் பார்க்கிறோம். சுதைச் சிற்பத்துக்கு அது தவறில்லை, சுண்ணாம்பை மழையிலிருந்து காப்பதும் அந்த வர்ணம்தான். ஆனால் கல் தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்து, சிற்பத்தின் நுணுக்கத்தையும் கல்வெட்டெழுத்தையும் மழித்துவிட்ட கதையும் இங்கே நடந்தது; பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. பழைய காரின் மெல்லிய தகட்டிலும் அதே மணல்வீச்சைக் கண்மூடித்தனமாகப் பிரயோகித்தால், சூட்டிலும் அடியிலும் தகடு நெளிந்துவிடும். அப்புறம் நெளிவை மறைக்கப் பட்டி, பட்டியின் மேல் பெயிண்ட்.

சட்டம் இதில் குறுக்கே வருவதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அடிச்சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பழைய நிறத்திலேயே மறுபடி பூசுவதற்குத் தடை எதுவும் இல்லை. நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிவோடு கடைத்தெருவுக்குத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான்.

ஒட்டுப்போடுவது என்று முடிவானால் எந்த நீலத்துக்கு ஒட்டுப்போடுவது? டாஷ்போர்டுக்கு அடியிலும் ரெக்சின் அட்டைக்குப் பின்னாலும் வெயில் காணாத நீலம் இருக்கிறது. அதுதான் ஆலையில் அடித்தது. கதவின் வெளிப்பக்கம் இருப்பது ஐம்பது வருடம் வெளுத்த நீலம். ஆலை நீலத்தைக் கலந்து கதவின் அடியில் அடித்தால் அது தனியாகப் பல்லிளிக்கும். வெளுத்த நீலத்தைக் கலந்தால் பொருந்தும், ஆனால் அந்த நிறம் எந்தக் கையேட்டிலும் இராது. என் வாக்கு வெளுத்ததற்கு. இன்னொரு வம்பும் உண்டு. இரண்டு நீலங்கள் வேறு வேறு நிறமிகளால் கலந்தவையாக இருந்தால், பட்டறையின் டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரிந்துவிட்டு முற்றத்து வெயிலில் பிரிந்து நிற்கும். அதனால் சாம்பிள் அட்டையைக் காலையிலும் உச்சியிலும் அந்தியிலும் வெளியே வைத்துப் பார்க்காமல் சம்மதிக்கக் கூடாது.

பி.யூ. வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இரண்டு. அது கரையாது, நாளைக்கு மனம் மாறினால் அடியிலுள்ள என்.சி.யோடு சேர்த்துச் சுரண்டத்தான் வேண்டும். அடுத்தது, அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட். ஸ்பிரே கன்னிலிருந்து வரும் அதன் புகைமூட்டம் பெயிண்டர்களுக்கு நிரந்தர ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதை எதிரியாகப் பதிந்துகொண்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன், அது ஒன்றுக்கும் உதவாது. பழைய பெயிண்ட்டைத் தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். அக்கால மஞ்சள், சிவப்பு நிறமிகளில் ஈயம் இருப்பது சகஜம். உலர்ந்த எமரியை விட்டுவிட்டு வாட்டர் பேப்பரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. தேய்த்த கழிவுநீர் கிணற்றடிக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். முன் இடது கதவின் அடிக்கு டிங்கர் வேலை உடனே. மற்றக் கதவுகளின் உள்பக்கம் துருமாற்றி, பிரைமர், மெழுகு. வலது பின் மட்கார்டு எப்படியும் அசல் இல்லை. பட்டியைத் தகடு வரை எடுத்துவிட்டு, டென்டை நிமிர்த்தி, என்.சி.யில் அடிப்பது. கதவுகளின் அசல் நீலத்தின் மேல் யாரும் கை வைப்பதில்லை. கூரையில் மெஷின் பாலிஷ் கூடாது, 80 மைக்ரானில் விளையாட இடமில்லை. ஈரத்துணியால் தூளைத் துடைத்துவிட்டு கார்னாபா மெழுகு. காடி ஓரத்துத் திட்டுகள் இரண்டுக்கும் மட்டும் தொட்டுப் பூசுவது. பெயிண்டருக்கு இதில் வருமானம் குறைவு. ஆனால் மட்கார்டைத் தட்டி நிமிர்த்தும் வேலை தன் கைக்கு வருகிறது என்பதில் அவருக்குத் திருப்தி. முன் கண்ணாடியின் பீடிங்கில் வருடா வருட ஆயுத பூஜைக் குங்குமம் ஏறி இறுகியிருந்தது. அதை எடுப்பதா என்று அவர் கேட்டார். பீடிங்கைக் கழற்றினால்தான் அடியில் துரு இருக்கிறதா என்று தெரியும் என்றேன். ஆசிரியர் யோசித்துவிட்டு, கழற்றச் சொன்னார்.

தேதிதான் பாக்கி. ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் தின்னர் சரேலென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயிண்ட் வெளுத்துப் போகும். நாங்கள் பேசியது புரட்டாசியில். அடுத்து அடைமழை, மார்கழிப் பனி. வடகிழக்குப் பருவம் ஓய்ந்து, சாரல் தொடங்குவதற்கு முன் இந்த ஊரில் காற்று நன்றாக உலர்ந்திருப்பது மாசி, பங்குனியில். டிங்கர் வேலையும் பிரைமரும் இப்போதே, நிறம் மாசியில் என்று பெயிண்டர் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, கதவின் அடித்துளைகளை இன்னொரு தடவை கம்பி விட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.